எதை அடிச்சாருன்னு எழுதல

மடிப்பாக்கம்
20-11-2000

அண்ணாவுக்கு,

சாமி சரணம். நீ கார்த்திகை ஒண்ணாந்தேதியே மாலை போட்டுட்டேன்னு உன் கூட்டாளி முனிரத்தினம் அண்ணன் இந்தப் பக்கம் வந்தப்ப சொன்னாரு. இங்க போன் இன்னும் வரல. அதான் கடிதாசி.

ஓரிக்கை வீட்டைக் காலி பண்ணிக்கினு வந்து எட்டு நாளாச்சு. பிளாட்டுன்னு பேருதான் பெருசு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. பீரோ தூக்கினவங்க ரெண்டாவது மாடியில உக்காந்து என்னைத் திட்டினாங்க. என் கேக் அடுப்பைத் தூக்கின ஆளு, "இன்னாமா, உள்ள யாரையாவது வெட்டி வெச்சிருக்கியா?"ன்னு கேட்டாரு. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு. பாதி மூட்டை இன்னும் பிரிக்கல. கட்டில் மேல அவரு வாசிக்கிற புல்புல்தாரா பெட்டி தூங்குது, நாங்க தரையில தூங்கறோம். துணியில பூப் போடற பெயிண்ட் டப்பா வண்டியில கவுந்து என் புடவையெல்லாம் ஒரே செவப்பு.

காலையில ஆறு மணிக்குத் தண்ணி. ஏழு மணிக்கு அவருக்கு டிபன். பத்து மணிக்குப் பெயிண்டிங். மத்தியானம் கேக். நடுவுல மூட்டை பிரிக்கணும். எதை விட எதைப் பிடிக்கன்னே புரியல. கீழ்வீட்டம்மா பொண்ணுக்குப் பொறந்த நாளுன்னு ரெண்டு கிலோ கேக் கேட்டாங்க. மாவு அடிக்கிற மிஷினு வண்டியிலயே உடைஞ்சிபோச்சு. கேக்குன்னா உள்ள போடற அந்த ஒண்ணு இல்லாம ஆவாது. மாலை போட்ட வீட்டுக்கு வர கடிதாசியில அந்தப் பேரு வேணாம். தறி வீட்டுல நாம அந்தப் பேரை எடுக்கவே மாட்டோமே. நீயே புரிஞ்சிக்கோ.

நேத்து ஞாயித்துக்கிழமை அவரு அடிச்ச அடி இருக்குதே, அப்பப்பா! அரை மணி நேரம் நிறுத்தவே இல்ல. ஒரு கை வலிச்சா இன்னொரு கைக்கு மாத்திக்கறாரு. போதும் விடுங்கன்னு நான் கெஞ்சறேன், "நீ பேசாத, நுரை தள்ளற வரைக்கும் விடமாட்டேன்"ன்றாரு. கீழ்வீட்டம்மா மேல ஓடி வந்து என்னா சத்தம்னு கேட்டாங்க. எனக்கு முழங்கைகிட்ட சுட்டு ஒரு கொப்புளம். பரவால்ல. இனிமே மிஷினெல்லாம் வேணாம், வாராவாரம் நானே அடிக்கறேன்னு சொல்லிட்டாரு.

அண்ணி கைவலி எப்படி இருக்குது? கேட்டதா சொல்லு.

உன் தங்கச்சி
சங்கீதா


பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
29-11-2000

சாமி சரணம்.

சங்கீதாவுக்கு அண்ணன் மயில்வாகனம் எழுதறது. உன் கடிதாசியைத் தறியில உக்காந்துக்கினே பிரிச்சேன். ஒரு தபா படிச்சேன். ரெண்டாந்தபா படிக்க என்னால ஆவல. நாலு நாளா கையில இழை ஓட்டற நாடா நிக்கல, சோறு எறங்கல.

நீ சிரிச்சுக்கினு எழுதறே. நம்ம அம்மாவும் அப்படித்தான் சிரிக்கும். மூஞ்சி வீங்கி இருக்கும், பரவால்லப்பா, பரவால்லப்பான்னும். அந்தப் "பரவால்ல"வைப் பாத்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சிபோச்சு. கெஞ்சினியாமே. நுரை தள்ற வரைக்குமாமே. சுட்டு வேற வெச்சிருக்கான். வாராவாரம் அடிப்பானா அவன்? எங்க அடிக்கட்டும் பாக்கறேன்.

மாப்ள புல்புல்தாரா வாசிக்கறாரு, சாது, வாய் பேசாதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. பொம்பள மேல கை வைக்கிறவனுக்குக் கை எதுக்கு? அந்தக் கை அவனுக்கு இருக்கக்கூடாது. அப்பன் ஆனாலும் சரி, புருஷன் ஆனாலும் சரி. இது நான் மாலையைத் தொட்டுச் சொல்றது.

ஞாயித்துக்கிழமை காலையில வரேன். அவன்கிட்ட சொல்லாத. கதவைத் தொறந்து மட்டும் வெய்யி.

மயில்வாகனம்


மடிப்பாக்கம்
9-12-2000

மயில்வாகனம் அவர்களுக்கு,

அண்ணான்னு எழுத கை வரல. உனக்கு வேலை குடுக்கற சீனிவாசன் முதலாளி உன்னை ஜாமீன்ல எடுத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். அதனால வீட்டு விலாசத்துக்கே எழுதறேன்.

உன் கடிதாசி திங்கக்கிழமைதான் வந்தது. நீ ஞாயித்துக்கிழமையே வந்துட்டுப் போயிட்டே. போஸ்ட்மேன் கையில குடுக்கும்போது நான் தரையில ரத்தம் கழுவிக்கினு இருந்தேன். ஈரக் கையோடவே பிரிச்சுப் படிச்சேன். அப்பதான் நீ எதுக்கு வந்தேன்னே எனக்குத் தெரிஞ்சுது.

முட்டை. முட்டை. முட்டை. மூணு தடவ எழுதிட்டேன், போதுமா? அவரு அடிச்சது முட்டைய்யா! பன்னெண்டு முட்டை. கேக்குக்கு. மாலை போட்டிருக்கியே, மனசு சங்கடப்படுவியேன்னு மரியாதைக்கு அந்த ஒரு வார்த்தைய விட்டேன் பாரு, அந்த மரியாதையில இடி விழ. கொப்புளம் அடுப்புக் கதவு பட்டது. கேக்குன்னு நாலு வரிக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?

அன்னைக்கு நீ உள்ள வந்ததும் அவரு என்ன பண்ணாரு தெரியுமா? "வாங்க சாமி"ன்னு உன் கால்ல விழக் குனிஞ்சாரு. மாலை போட்ட ஆளாச்சேன்னு. குனிஞ்ச மனுஷன் முதுகுல முதல் அடி. நெய்த துணி சுத்தற மரத்தைத் திருப்ப ஒரு இரும்புக் கம்பி வெச்சிருப்பியே, அதை வேட்டியில சுத்திக்கினு அம்பது மைல் பஸ்ல வந்திருக்கே. எந்தக் கைடா, எந்தக் கைடான்னு கேட்டுக்கேட்டு அடிச்சே. அவருக்கு நீ எதைக் கேக்கறேன்னே புரியல. ஜன்னல் கட்டை மேல அவரு வலது கையை இழுத்து வெச்சு... போதும். என்னால எழுத முடியல. மூணு விரலு நொறுங்கிப்போச்சு. ஆபீஸ்ல மேப் வரையற கை. புல்புல்தாரா வாசிக்கிற கை. இனிமே அந்த விரலு மடங்குமான்னு டாக்டருக்கே தெரியல.

அடுப்பைக் கீழ தள்ளி உடைச்சே. கீழ்வீட்டம்மா மறுபடி கேட்டாங்கன்னு போட்டு வெச்ச கேக்கை மிதிச்சே. குறுக்க வந்த என்னை முழங்கையால ஒரு இடி இடிச்சே. உதட்டுல ரெண்டு தையலு.

எனக்குக் கல்யாணம் ஆயி நாலு வருஷம். இந்த நாலு வருஷத்துல என் மேல ஒரே ஒரு தடவதான் அடி விழுந்திருக்குது. அது உன் கை.

பிப்ரவரி ஒன்பதாந்தேதி வாய்தா. சமாதானமாப் போறீங்களா, கேஸ் நடத்தறீங்களான்னு போலீஸ்ல கேக்கறாங்க. "உன் அண்ணன், நீ சொல்றதுதான்"னு அவரு சொல்லிட்டு இடது கையால சோறு பெசஞ்சுக்கினு இருக்காரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.

சங்கீதா


பிள்ளையார்பாளையம்
13-12-2000

சங்கீதாம்மாவுக்கு,

சாமி சரணம்னு எழுத எனக்கு யோக்கியதை இல்ல. ஸ்டேஷன்ல மாலையைக் கழட்டச் சொன்னாங்க. நானே அறுத்துட்டேன்.

உன் கடிதாசியை முனிரத்தினம் படிச்சுக் காட்டினான். எனக்கு எழுத்து ஓடல. முட்டைன்னு அவன் மூணு தபா படிச்சப்ப அவன் கடையில நின்ன ரெண்டு பேரு சிரிச்சாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துது. மாப்ளைகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கினு பேசுவேன்? குனிஞ்சாருமா. கால்ல விழத்தான் குனிஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. பயந்துக்கினு குனியறான்னு நெனச்சேன்.

ஆனா நீயும் ஒண்ணு யோசிச்சுப் பாரு. தப்பு எம்மேலயே முழுக்கவா? அந்த வார்த்தையை நீ எழுதியிருக்கலாம். அடிச்சாரு, கெஞ்சினேன், சத்தம் கேட்டுச்சு, சுட்டுடுச்சு, புடவையெல்லாம் செவப்புன்னு எழுதினா எந்த அண்ணன்தான் சும்மா இருப்பான்? பாசத்துல பண்ணதும்மா. நீ எனக்குப் பொண்ணு மாதிரி. அம்மா போனப்ப உனக்கு எட்டு வயசு. தலை வாரிவிட்டது யாரு?

கேஸ் நடந்தா நான் உள்ள போயிடுவேன். கோர்வைப் புடவை ஒண்ணு தறியில பாதியில நிக்குது. உன் அண்ணி தில்லை ஒண்டி ஆளு. தறியில நான் ஒரு பக்கம், கரைக்கு நாடா தள்ள அவ ஒரு பக்கம்னு ரெண்டு பேரு உக்காந்தாதான் அது ஓடும். நான் இல்லாம அவ இன்னா பண்ணுவா? எனக்காக வேணாம். உன் அண்ணிக்காக சமாதானமாப் போயிடு. உன் கால்ல விழறேன்.

அண்ணன்
மயில்வாகனம்


மடிப்பாக்கம்
18-12-2000

அண்ணாவுக்கு,

கோவம் ஆறிப்போய் அண்ணான்னு எழுதறேன்னு நெனைக்காத. கேக்க வேண்டியதை உரிமையோட கேக்கணும், அதுக்காக.

அண்ணிக்காகன்னு எழுதியிருக்கே. அதைப் படிச்சதும் அப்படியே பத்திக்கினு வந்துது எனக்கு.

எந்த அண்ணன்தான் சும்மா இருப்பான்னு கேட்டே. தேவசகாயம் சார் வீட்டம்மாதான் எனக்குக் கேக் கத்துக்குடுத்தாங்க. அவங்களுக்கும் இதையேதான் எழுதினேன், அதே நாளு, அதே வார்த்தை. அவங்க என்ன பதில் போட்டாங்க தெரியுமா? "இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லு, அப்பதான் உப்பி வரும்." அவ்ளோதான். அவங்களுக்கு அடின்னா மாவு ஞாபகம் வருது. உனக்கு மட்டும் ஏன் அண்ணா வேற ஞாபகம் வந்துது?

நான் சொல்லட்டா? நம்ம வீட்டுல அடின்னா ஒரே ஒரு அர்த்தம்தான். நான் அந்த வீட்டுல தறிச் சத்தத்தைக் காதுல வாங்கிக்கினே வளர்ந்தவ. சத்தம் ஓடிக்கினே இருந்தா நிம்மதி. திடீர்னு நின்னுச்சுன்னா நான் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு அடுப்பங்கரைக்கு ஓடிடுவேன். கரையில ஒரு இழை விட்டுபோச்சுன்னு அண்ணி மண்டையில நீ நாடாவால அடிப்பே. நாடா முனையில இரும்பு இருக்குதே, அது அண்ணி காதுக்குப் பின்னால எத்தினி இடத்துல குத்தியிருக்குதுன்னு நான் தலை வாரிவிடும்போது எண்ணியிருக்கேன். பதினொண்ணு. என் தலையை நீ வாரினே, சரி. அண்ணி தலையை நான் வாரினேன்.

அப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. சோறு போடற அண்ணன்னு பயந்துக்கினு வாயை மூடிக்கினு இருந்தேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கறேன்.

ஒரு தடவ குழாயடியில அண்ணி என்கிட்ட சொல்லிச்சு: "உங்க அண்ணன் மாலை போட்ட நாப்பத்தோரு நாளுதான்டி எனக்கு நல்லாப் பொழுது விடியுது." மாலை போட்டா எல்லாரையும் சாமின்னு கூப்பிடுவியே. பொண்டாட்டியும் சாமி. சாமியை அடிக்க முடியாது. வருஷத்துக்கு நாப்பத்தோரு நாளு. இந்த வருஷம் பதினெட்டாம் நாளே அறுத்துட்டே. மீதி இருபத்திமூணு நாளு அண்ணி கணக்குல போச்சு. ஜாமீன்ல வந்த அன்னைக்கு நீ அண்ணியை என்ன பண்ணேன்னு எனக்கு எழுது பாப்போம்.

இத்தோட நீ எனக்கு எழுதின கடிதாசியைத் திருப்பி வெச்சிருக்கேன், 29ஆம் தேதி எழுதினது. அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. நீ அதை உன் வாயால அண்ணிக்குப் படிச்சுக் காட்டணும். ஒரு வார்த்தை விடாம. முனிரத்தினம் அண்ணன் படிக்கக்கூடாது, நீதான் படிக்கணும். படிச்சு முடிச்சதும் என்ன நடந்துதுன்னு எனக்கு உண்மையா எழுது. அப்புறம்தான் கேஸ் பேச்சு.

சங்கீதா


பிள்ளையார்பாளையம்
25-12-2000

சங்கீதாவுக்கு,

எழுத்து மாறி இருக்குதேன்னு பாக்காத. நான் சொல்லச் சொல்ல முனிரத்தினம் எழுதறான். என் வலது கையில கட்டு.

உண்மையா எழுதச் சொன்னே. சொல்றேன். ஜாமீன்ல வந்த அன்னைக்கே தில்லையை அடிச்சேன். "மாப்ளையை விசாரிக்காமயா போயி உள்ள உக்காந்துட்டு வந்தே?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. பல்லு ஒண்ணு ஆடிக்கினு இருக்குது. மறுநாளும் அடிச்சேன். எதுக்குன்னு ஞாபகம் இல்ல. இதை முனிரத்தினம் எழுத மாட்டேன்னான். எழுதுடான்னேன்.

உன் கடிதாசி வந்து ரெண்டு நாளு சும்மா மடியில வெச்சுக்கினு இருந்தேன். நேத்து காலையில அவ அம்மியில மொளகா அரைச்சுக்கினு இருந்தா. எதிர்ல உக்காந்து படிச்சேன். என் எழுத்து எனக்கே பாம்பு மாதிரி இருந்துது. அவ அரைக்கறதை நிறுத்தல. பொம்பள மேல கை வைக்கிறவனுக்குக் கை எதுக்குன்ற இடம் வந்ததும் குழவி நின்னுபோச்சு.

"இன்னொரு தபா படி"ன்னா. படிச்சேன். "இன்னொரு தபா." படிச்சேன். "மாலையைத் தொட்டா சொன்னே?"ன்னா. ஆமான்னேன். "புருஷன் ஆனாலும் சரின்னு போட்டிருக்குதா அதுல?" ஆமான்னேன். அப்புறம் கேட்டா, "மாப்ளைக்கு எத்தினி விரலு?"

மூணுன்னேன்.

கையை அம்மி மேல வெச்சது நான்தான். அவ இழுக்கல. வெச்சா அழுவா, எழுந்து போயிடுவான்னு நெனச்சேன். பதினாறு வருஷத்துல அவ எம்மேல ஒரு துரும்பைக்கூட எறிஞ்சதில்ல. அவ அழுவல. குழவியை ரெண்டு கையாலயும் தூக்கினா. ஒண்ணு. ரெண்டு. மூணு. மொளகா வேற, எரிச்சல்ல நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிடுச்சு. நாலாவது அடி இல்ல. மூணோட குழவியைக் கழுவி வெச்சிட்டா. அப்புறம் என்னை ரிக்‌ஷாவுல ஏத்திக்கினு கட்டுக் கட்டற சபாபதி வீட்டுக்கு அவதான் கூட்டிக்கினு போனா. எப்படி ஆச்சுன்னு அவரு கேட்டாரு. "மசாலா அரைச்சுக்கினு இருந்தேன், கை குறுக்க வந்துடுச்சு"ன்னா. நான் தலையை ஆட்டினேன்.

வலி உயிர் போவுது சங்கீதா. மாப்ளைக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்னு இப்பதான் எனக்கு ஒறைக்குது. அவளுக்கு இத்தினி வருஷம் இப்படித்தான் வலிச்சுதுன்னும்.

கேஸைப் பத்தி நான் கேக்க மாட்டேன். கேக்க வாய் இல்ல. தில்லை வியாழக்கிழமை பஸ்ல வரா. அவளா முடிவு பண்ணது. எத்தினி நாளுன்னு சொல்லல. அவளுக்குக் கதவைத் தொற. எனக்குத் தொறக்க வேணாம்.

மயில்வாகனம்

எழுதிக்கொடுத்த முனிரத்தினம்: தங்கச்சி, இதை எழுதும்போது என் வீட்டுக்காரி பின்னாடி நின்னு முழுசாப் படிச்சிட்டா. அதுலேர்ந்து நானும் எங்க வீட்டு அம்மியைக் கொஞ்சம் தள்ளியே நடக்கறேன்.


மடிப்பாக்கம்
2-1-2001

அண்ணாவுக்கு,

அண்ணி வந்து சேர்ந்துது. ஒரு பை, ஒரு துண்டு மூட்டை. மூட்டையை மூணு மாடியும் யாருகிட்டயும் குடுக்காம அதுவே தூக்கிக்கினு வந்துது. பிரிச்சா உள்ள குழவி. பிளாட்டுல அம்மி இல்லயே அண்ணின்னேன். "அரைக்கறதுக்கு இல்லடி"ன்னுச்சு. கட்டில் கால்கிட்ட வெச்சிட்டுப் படுத்துது. மறுநாள் காலையில பத்து மணி வரைக்கும் தூங்கிச்சு. அண்ணி தூங்கி நான் பாத்ததே இல்ல. மூச்சு வருதான்னு ரெண்டு தடவ கிட்ட போயிப் பாத்தேன்.

நீ எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அப்புறம் அண்ணியைக் கூப்பிட்டு, "அக்கா, கேஸ் விஷயம் இனிமே நீங்க சொல்றதுதான்"னாரு. நானும் தலையாட்டிட்டேன். அண்ணி விரல்விட்டு ஏதோ எண்ணிச்சு. "நாப்பத்தோரு நாளு இங்க இருக்கேன். அப்புறம் சொல்றேன்"னுச்சு. அது முடியறது பிப்ரவரி ஆறு. வாய்தாவுக்கு மூணு நாளு முன்னாடி. அதுவரைக்கும் நீயும் காத்துக்கினு இரு. அண்ணி பதினாறு வருஷம் காத்துக்கினு இருந்துது.

அடுப்புக்குப் புதுக் கண்ணாடி போட்டாச்சு. நீ மிதிச்சதுக்குப் பதிலா கீழ்வீட்டம்மாவுக்கு நான் குடுக்க வேண்டிய கேக் நின்னுக்கினே இருந்துதே, நேத்துதான் போட்டேன். மிஷினு இல்ல, அவரு கையும் இல்ல. "குடுடி"ன்னு அண்ணி பாத்திரத்தை வாங்கிக்கினு உக்காந்துது. அரை மணி நேரம் அடிச்சுது, கை மாத்தவே இல்ல. அவரு கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுக்கினு பக்கத்துல உக்காந்து, போதும்கா, போதும்கான்னு கெஞ்சிக்கினு இருந்தாரு. அண்ணி விடல. நுரை தள்ளி, பொங்கி, பாத்திரத்தை விட்டு மேல வந்துது. அப்புறம் அண்ணி ஒரு சிரிப்பு சிரிச்சுது பாரு, கீழ்வீட்டம்மா மேல ஓடி வந்து என்னா சத்தம்னு கேட்டாங்க.

முட்டையை அண்ணா. முட்டையைத்தான் அடிச்சுது. இந்தத் தடவ எழுதிட்டேன்.

சங்கீதா